கால்பந்தாட்டமும் தசையிலுள்ள ஆக்சிஜனும்

நூறு மீட்டர் பந்தயத்தில் ஓடுபவர் ஒரே மூச்சில் ஓடி முடித்து விடுகிறார். மாரத்தான் ஓடுபவர் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கிறார். கால்பந்தாட்டக்காரரோ நடக்கிறார், மெல்ல ஓடுகிறார், திடீரெனப் பாய்கிறார், நின்று மூச்சு வாங்குகிறார், அடுத்த நிமிடமே மறுபடியும் பாய்கிறார். உயர்தரமான ஆட்டமொன்றில் 90 நிமிடங்களில் ஒருவர் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் தூரம் கடப்பதாக அளந்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமுமே ஆகும். முழு வேகப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் 2 முதல் 4 விநாடிகளுக்குள் முடிந்து விடும். ஆயினும் கோல் விழுவதும் தவறுவதும் பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான்.

ஆதலால் கால்பந்தில் ஒருத்தி எவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று மட்டும் கேட்டால் போதாது. ஒருமுறை பாய்ந்த பின் எவ்வளவு சீக்கிரம் மறுபடியும் பாய்வாள் என்றும் கேட்க வேண்டும். இதற்கு விடை காண விஞ்ஞானிகள் ஓடுபவரின் தொடைத் தசைக்குள் இருக்கும் ஆக்சிஜனை வெளியிலிருந்தே ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். அந்த அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். சொல்லாமல் விடுவது, பெண்களாகிய நமக்குச் சொல்வதைக் காட்டிலும் முக்கியமானது.

தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து கிடைக்கிறது என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். தசையில் இருப்பாக உள்ள ஏ.டி.பி. ஓரிரு விநாடிகளுக்குமேல் தாங்காது. அது தீரத் தீர உடனுக்குடன் நிரப்பித் தருவது கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருள். ஒரு நீண்ட பாய்ச்சலில் அதுவும் பெருமளவு குறைந்து விடும். ஆட்டக்காரர் நடக்கும்போதும் நிற்கும்போதும் அது மீண்டும் சேருகிறது. அவ்வாறு சேர்வதற்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். உடற்பயிற்சி முடிந்தவுடன் காலில் பட்டையை இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால், ஓய்விலிருந்தும் கிரியேட்டின் பாஸ்பேட் சேருவதில்லை. பட்டையைத் தளர்த்தியதும் சேரத் தொடங்குகிறது. இது சோதனையில் கண்ட உண்மை. பாயும் அந்த மூன்று விநாடிகளில் ஆக்சிஜன் பெரிதாக உதவுவதில்லை. அடுத்த பாய்ச்சலுக்குக் காலைத் தயார் செய்வது அதுதான்.

ஆக்சிஜனைத் தசைவரை சுமந்து வருவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். தசைக்குள் வாங்கி வைத்துக்கொள்வது மயோகுளோபின். இரண்டிலும் இரும்பு உண்டு, இரண்டும் சிவப்பு நிறமுடையவை. கோழிக் கறியில் தொடைத் துண்டு சற்றுக் கறுத்தும் நெஞ்சுத் துண்டு வெளுத்தும் இருப்பதை அம்மா சமைக்கும்போது கவனித்திருப்போம். கோழி நாள் முழுவதும் நடக்கிறது, பறப்பதோ எப்போதாவதுதான். ஓயாமல் உழைக்கும் தொடையில் மயோகுளோபின் அதிகம், நெஞ்சில் குறைவு.

உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளக்கும் முயற்சி நூறாண்டுக்கும் முந்தியது. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில் ஏ. வி. ஹில் என்னும் உடலியல் அறிஞர் தாமே ஓடிச் சோதனை செய்தார். வாயில் குழாயைப் பொருத்திக்கொண்டு, வெளிவிடும் மூச்சை முதுகிலிருந்த பெரிய பையில் சேர்த்தவாறே புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பையிலுள்ள காற்றைச் சோதித்து, உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது என்று கணக்கிட்டார். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் இது முழு உடலுக்கும் சேர்த்து ஒரே கணக்கைத்தான் தரும். தொடை எவ்வளவு எடுத்தது, இதயம் எவ்வளவு எடுத்தது என்று பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்ல உதவியது ஒளி. இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பார்த்தால் விரல்களின் ஓரம் சிவந்து ஒளிரும். பச்சையும் நீலமும் உடலுக்குள் தடைபட்டுப் போக, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. சிவப்பை அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதனினும் ஆழமாகச் செல்லும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வேறு விதமாகவும் இவ்வொளியை உறிஞ்சுகின்றன. இரண்டு மூன்று அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்தால், நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்று கணக்கிட்டு விடலாம்.

இவ்வழியில் முன் நடந்தவர்களுள் ஒருவர் கிளென் மில்லிகன். எண்ணெய்த் துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிகனின் மகன் இவர். 1930-களில் தசையிலுள்ள மயோகுளோபினை ஆராய்ந்தார். பின்னர் விமானிகளுக்காகக் காது மடலில் பொருத்தும் கருவியை அமைத்து, அதற்கு ஆக்சிமீட்டர் என்று பெயரும் வைத்தார். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி நாடித் துடிப்பைக் கொண்டே அளக்கும் முறையைக் கண்டறிந்தார். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த கருவி அதன் வழி வந்ததே. 1977-இல் பிரான்ஸ் யோப்சிஸ் என்னும் விஞ்ஞானி, அண்மை அகச்சிவப்பு ஒளி விலங்குகளின் மூளையையும் இதயத்தையும்கூட ஊடுருவும் என்று காட்டினார். அமெரிக்க விஞ்ஞானி பிரிட்டன் சான்ஸ் இதைத் தசைக்குக் கொண்டு வந்தவர்களுள் முக்கியமானவர். அவரும் துணைவர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த படகோட்டிகளின் தொடைத் தசை கடும் உழைப்புக்குப் பின் ஆக்சிஜனைத் திரும்பப் பெற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தனர். இந்தச் சான்ஸ், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். படிப்பவர்களுக்கு விளையாட்டு வராது என்று சொல்பவர்களிடம் இவர் பெயரைச் சொல்லலாம்!

இன்று இக்கருவி தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக, தொடையிலோ கெண்டைக்காலிலோ ஒட்டிக்கொள்ளும் அளவில் கிடைக்கிறது. ஒளியை விடும் முனைக்கும் அதை வாங்கும் முனைக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் ஏறத்தாழப் பாதி ஆழம்வரை ஒளி சென்று திரும்பும்.

விரலில் மாட்டும் கருவிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விரல் கருவி பார்ப்பது நுரையீரலிலிருந்து புதிதாக வரும் தமனி இரத்தத்தை. நல்ல உடல்நலம் உடையவர் உட்கார்ந்திருந்தாலும் ஓடினாலும் அது பெரும்பாலும் 97, 98 என்றே காட்டும். தசைக் கருவி பார்ப்பதோ தந்துகிகளிலும் சிறு நாளங்களிலும் உள்ள இரத்தத்தையும் மயோகுளோபினையும் கலந்து. அங்கேதான் ஆக்சிஜன் செலவாகிறது. ஓய்வில் 60, 70 என்று இருக்கும் எண், கடும் ஓட்டத்தில் 30-க்கும் கீழே இறங்குவது உண்டு.

இந்த எண்ணின் பொருளை விளங்கிக்கொள்ள, வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். மோட்டார் நீரை ஏற்றுகிறது. வீட்டுக் குழாய்களில் நீர் செலவாகிறது. நாம் எட்டிப் பார்ப்பது தொட்டியின் மட்டத்தை மட்டுமே. மட்டம் இறங்கினால் செலவு கூடியிருக்கலாம், மோட்டார் சரியாக ஏற்றாமலும் இருக்கலாம். மட்டத்தைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல இயலாது. தசையின் எண்ணும் அவ்வாறே, வரவுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள மட்டம். செலவை மட்டும் அறிய விரும்பினால் மோட்டாரை நிறுத்திவிட்டு மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதையே செய்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைத் தொடையில் சுற்றிக் காற்றடைத்து, இரத்த வரவைச் சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். எண் இறங்கும் வேகமே தசையின் செலவு. இவ்வளவு எளிதான ஒரு யோசனை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கால்பந்துக்கு வருவோம். ஆட்டக்காரர் பாய்ந்தவுடன் எண் சில விநாடிகளிலேயே சரிகிறது. நடக்கத் தொடங்கியதும் ஏறுகிறது. மறுபடி பாய்வதற்குமுன் பழைய மட்டத்தை எட்டிவிட்டால் அடுத்த பாய்ச்சலும் நன்றாக வரும். இடைவெளி போதாமல் மறுபடி மறுபடி பாய நேரும்போது கால் கனக்கிறது, வேகம் குறைகிறது. ஆதலால் பயிற்சியாளர்கள் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதையே கூர்ந்து பார்க்கிறார்கள்.

கருவி இல்லாமலே இதை அளக்க டென்மார்க் நாட்டு அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ ஒரு சோதனையை அமைத்தார். அதன் பெயர் யோ-யோ சோதனை. 20 மீட்டர் ஓடித் திரும்பி 20 மீட்டர் ஓட வேண்டும். பிறகு 10 விநாடிகள் மட்டும் இளைப்பாறலாம். பிறகு மறுபடியும் அதே ஓட்டம். முதல் நிலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒலிப்பதிவில் வரும் ஒலி வரவர விரைவாகும். இருமுறை ஒலிக்குப் பிந்தினால் ஆட்டம் முடிந்தது. இதற்கு நான்கு கூம்புகளும் ஓர் ஒலிப்பதிவும் போதும். அந்த 10 விநாடிகளில் யாருடைய தசை விரைவாக நிரம்புகிறதோ அவரே நீண்ட நேரம் நிற்பார்.

டென்மார்க்கில் இன்னொரு சோதனையும் நடந்தது. அதைப் படிக்கும்போதே நமக்குக் கால் கூசியது. நான்காம் பிரிவு ஆட்டக்காரர்கள் 31 பேர் மூன்று நட்பாட்டங்கள் ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவே சிலரை வெளியே அழைத்துத் தொடையிலிருந்து ஊசியால் சிறு தசைத் துணுக்கை எடுத்தார்கள். 2006-இல் முடிவுகள் வெளியாயின. கடுமையான ஆட்டத்தை அடுத்தும், ஆட்டம் முடிந்த பின்பும் அவர்களுடைய பாய்ச்சல் வேகம் குறைந்திருந்தது. ஆட்டம் முடிந்தபோது தசைநார்களில் ஏறத்தாழப் பாதியில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு தீர்ந்தோ, தீரும் நிலையிலோ இருந்தது. அதாவது கடைசி நிமிடங்களின் களைப்புக்கு ஆக்சிஜன் மட்டுமே பொறுப்பன்று. எரிப்பதற்கு விறகும் இல்லை! ஒளிக்கருவி இதைக் காட்டாது.

ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைக் கூட்டினால் ஆட்டம் மேம்படுமா? நார்வேயில் இளைஞர் அணியினரைக் கொண்டு செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வாரம் இருமுறை, எட்டு வாரங்கள், நான்கு நிமிட ஓட்டம் நான்கு தடவை. ஒவ்வொரு ஓட்டத்திலும் இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் 90 முதல் 95 விழுக்காடு. முடிவில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன், எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு 58 மில்லிலிட்டரிலிருந்து 64-ஆக உயர்ந்தது. ஆட்டத்தில் கடந்த தூரம் 20 விழுக்காடு கூடியது. பாய்ச்சல்களின் எண்ணிக்கை இரட்டித்தது. ஆனால் உதையின் வேகமும் குறியும் மாறவில்லை, பாஸ் கொடுக்கும் தரமும் மாறவில்லை. நல்ல மூச்சு பந்து இருக்குமிடத்திற்குக் கொண்டு சேர்க்கும். சேர்ந்த பின் என்ன செய்வது என்பது வேறு பயிற்சி.

இப்போது கருவி சொல்லாமல் விடுவதற்கு வருவோம். முதலாவது, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு. அது தடித்திருந்தால் ஒளியில் பெரும்பகுதி கொழுப்பிலேயே சுற்றித் திரும்பிவிடும்; தசையில் நடப்பது மங்கலாகத்தான் தெரியும். பருவம் எய்திய பெண்களுக்குத் தொடையில் இக்கொழுப்பு ஆண்களைக் காட்டிலும் இயல்பாகவே அதிகம். தோலின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். விரல் கருவிகள் கறுத்த தோலுடையவர்களிடம் ஆக்சிஜன் குறைவைச் சில வேளைகளில் காணத் தவறுகின்றன என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே இரு பெண்களை நிறுத்தி, இவளுக்கு 65, அவளுக்கு 58, இவளே சிறந்தவள் என்று கூறுவது தவறு. ஒருத்தியின் இன்றைய அளவை அவளுடைய சென்ற மாத அளவோடு ஒப்பிடலாம், அவ்வளவே.

இரண்டாவது இன்னும் பெரியது. கருவி காட்டுவது விழுக்காடு, அளவு அன்று. பத்துப் பேருந்துகள் ஓடும் ஊரில் பத்தும் நிறைந்து ஓடினால் 100 விழுக்காடு. ஏழே பேருந்துகள் உள்ள ஊரில் ஏழும் நிறைந்து ஓடினாலும் 100 விழுக்காடுதான். ஆனால் போய்ச் சேரும் ஆட்கள் குறைவு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு அதில் 16 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். 9 கிராம் மட்டுமே உள்ளவளுக்கு 12 மில்லிலிட்டர். நாலில் ஒரு பங்கு குறைந்து போயிற்று. இருவர் விரலிலும் கருவி 98 என்றே காட்டும். ஓய்வில் தசைக் கருவியின் எண்ணும் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஓடத் தொடங்கினால்தான் வேறுபாடு தெரியும். இரண்டாமவளின் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும், அவள் சீக்கிரம் மூச்சு வாங்கி நின்று விடுவாள். பார்ப்பவர்கள் அவளைச் சோம்பேறி என்பார்கள்.

இது ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். 2003 பெண்கள் உலகக் கோப்பைக்கு ஆறு மாதங்களுக்குமுன் ஸ்வீடன் தேசிய அணிக்கு அழைக்கப்பட்ட 28 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 16 பேருக்கு இரும்புச் சத்துக் குறைவு இருந்தது. 8 பேருக்கு அது இரத்தசோகையாகவே முற்றியிருந்தது. செல்வம் மிக்க நாட்டில், மருத்துவர்கள் சூழ இருந்த வீராங்கனைகளின் நிலை இது! அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று நடந்த இறுதி ஆட்டம்வரை சென்ற ஸ்வீடன், கூடுதல் நேரத்தில் விழுந்த கோலால் ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது.

பெண்களுக்கு மாதந்தோறும் இரத்தத்தோடு இரும்பும் போகிறது. வளரும் வயதில் உடலுக்குத் தேவையும் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. அதாவது எந்த வகுப்பிலும் பாதிப் பேர் என்று கொள்ளலாம். 2023 ஜூனில் தேசியக் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி வென்றதைப் பத்திரிகையில் படித்து மகிழ்ந்தோம். நம் மாநிலத்தில் ஆடத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

தசைக் கருவியின் விலை ஒரு பள்ளி வாங்கக்கூடியதன்று; வாங்கினாலும் இக்குறையை அது நேராகக் காட்டாது. ஹீமோகுளோபின் சோதனைக்கோ ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்கிறார்கள். பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வயிற்றைப் புரட்டுகிறது என்று சிலர் அதை ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப்பின் விழுங்கினால் புரட்டல் பெரும்பாலும் குறையும். ஈரலும் ஆட்டுச் சுவரொட்டியும் இரும்பு நிறைந்தவை என்பதைப் பாட்டிமார் கணக்குப் பார்க்காமலே அறிந்திருந்தனர். கீரை, கேழ்வரகு, பயறு இவற்றிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. அவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேர்வதும் குறைந்து விடும். ஆகையால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடும்படி அம்மாக்களிடம் சொல்லலாம்.

ஓர் இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். குறைந்த ஹீமோகுளோபின் ஏறுவதற்குச் சில வாரங்களும், உடலின் இரும்பு இருப்பு நிரம்புவதற்குச் சில மாதங்களும் ஆகும். ஜனவரியில் நடக்கும் போட்டிக்கு அணியில் சேர விரும்பும் தோழி ஆகஸ்டு மாதமே அந்த ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.